மூக்கு வைத்த வளைகோடு

நேயர்களுக்கு வணக்கம்.

பரோட்டாவுக்குப் பிசைந்து ஊறவைத்த மாவில் விரலை அழுத்தி எடுத்துப் பாருங்கள். பள்ளம் சட்டென்று கொஞ்சம் எழும்பும். அப்புறம் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக இன்னும் கொஞ்சம் எழும்பும். கடைசியில் ஒரு தடம் தங்கிவிடும். ரப்பரின் குணமும் பாகின் குணமும் இப்படி ஒரே பொருளில் கலந்திருப்பதுதான் பாகு மீட்சித்தன்மை. பாலிமர்களுக்கெல்லாம் இது கூடவோ குறையவோ உண்டு. பின்னிக் கிடக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் நழுவி இடம் மாற நேரம் பிடிக்கிறது; அதுதான் காரணம்.

எங்கள் ஆய்வகத்தில் விரலுக்குப் பதில் வைரமுனை. பெர்கோவிச் முனை என்று பெயர், மூன்று பட்டை வைத்த பிரமிடு. சில நூறு நானோமீட்டர் ஆழத்துக்குத்தான் அதை இறக்குவோம். தலைமுடியின் பருமனே சுமார் 80,000 நானோமீட்டர்! சிலிக்கோன் ரப்பரில் முனையை எடுத்த பிறகு நுண்ணோக்கியில் தேடினால் தடமே இருக்காது. அதனால் அழுத்தும்போதே விசையையும் ஆழத்தையும் கணத்துக்குக் கணம் பதிவு செய்கிறோம்.

விசைக்கும் ஆழத்துக்கும் வரைபடம் போட்டு, சுமையை (அழுத்தும் விசையை) இறக்கும்போது வரும் கோட்டின் தொடக்கச் சரிவிலிருந்து மீட்சிக் குணகத்தை, அதாவது பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதைச் சொல்லும் எண்ணைக் கணக்கிடும் முறையை ஆலிவர், ஃபார் என்ற இரு ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்டார்கள். சுமை இறங்கும்போது நடப்பது மீட்சி மட்டுமே என்பது அதன் அடிப்படை. உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் அது அருமையாகப் பொருந்தும்.

நான் முதன்முதலில் அக்ரிலிக் துண்டு ஒன்றை அளந்தபோது, உச்சச் சுமையைத் தொட்டதுமே நிதானமாக இறக்க ஆரம்பித்தேன். திரையில் கோடு திரும்பி வரவில்லை. மூக்குபோல முன்னே புடைத்தது. விசை குறைகிறது, ஆழமோ கூடுகிறது! கருவி பழுது என்றே நினைத்தேன். பழுதில்லை. அக்ரிலிக் இன்னும் முனைக்கடியில் ஊர்ந்துகொண்டிருந்தது, அதாவது மெதுவாக அமுங்கிக்கொண்டே இருந்தது. மூக்கு தெரிந்தால் பிழை கண்ணில் பட்டுவிடும். ஊர்தல் சிறிதாக இருந்து மூக்கு தெரியாவிட்டால்தான் ஆபத்து. சரிவு செங்குத்தாகி, குணகம் உள்ளதைவிடக் கூடுதலாக வரும். பார்க்க நம்பும்படியாகவும் இருக்கும்.

அதனால் உச்சச் சுமையில் ஊர்தல் அடங்கும்வரை நிறுத்துகிறோம், பிறகு வேகமாக இறக்குகிறோம். இன்னொரு வழி, முனையை மிகச் சிறிதாக அதிரவிடுவது. விசைக்கு ஆழம் எவ்வளவு பின்தங்குகிறது என்று பார்த்தால், பாலிமர் திருப்பித் தரும் ஆற்றலையும் வெப்பமாக இழப்பதையும் பிரித்துவிடலாம். அதிர்வெண்ணையும் வெப்பநிலையையும் சொல்லாமல் அந்த எண்களைச் சொல்வதில் அர்த்தமில்லை.

என்னை அதிகம் அலைக்கழித்தது வெப்ப நகர்வு. அறையின் வெப்பம் சற்றே மாறினாலும் கருவியின் பாகங்கள் நீளும், சுருங்கும். அதுவும் ஆழமாகவே பதிவாகும். சுமையைப் பத்தில் ஒரு பங்குக்குக் குறைத்து நிறுத்தி, அங்கே தெரியும் அசைவை நகர்வு என்று கழிப்பது வழக்கம். பாலிமரில் அது செல்லாது. அந்த நேரத்தில் பாலிமரும் மாவுப் பள்ளம்போல மேலெழும்பிக்கொண்டிருக்கும். ஆகவே மாதிரியை முந்தின நாள் மாலையே கருவிக்குள் வைத்துக் கதவை மூடிவிடுகிறேன். காலையில், பாலிமர்போல ஊராத சிலிக்கா கண்ணாடியில் நகர்வை அளந்து பார்த்த பிறகுதான் பாலிமரைத் தொடுகிறேன்.