மருந்து இலவசம்தான், அப்படியும் தொழுநோய்க்கு ஏன் இவ்வளவு செலவாகிறது?

[திரையில்: முன்கையில் வெளிறிய ஒரு தேமல். பக்கத்தில் ஒரு பால்பாயிண்ட் பேனா.]

தேமல் உள்ளவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். பேனா முனையால் தோலை லேசாகத் தொடுங்கள், அழுத்த வேண்டாம். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். முதலில் நல்ல தோலில் நாலைந்து இடம், அப்புறம் தேமலின் மேல். மற்ற இடங்களைச் சரியாகக் காட்டியவர், தேமலைத் தொடும்போது மட்டும் விரலை அசைக்கவே இல்லையென்றால், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். உணர்ச்சி செத்த தேமல், தொழுநோயின் முக்கிய அடையாளம். ஸ்கேன் வேண்டாம், பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், இந்தத் தேமல் அரிக்காது, வலிக்காது. தொந்தரவே தராத ஒன்றுக்காக வேலையை விட்டுவிட்டு யார் மருத்துவமனைக்குப் போவார்கள்?

[திரையில்: நுண்ணோக்கியில் தெரியும் குச்சி வடிவ பாக்டீரியாக்கள். 1873, நார்வே.]

சரி, இது எப்படி வருகிறது? பரம்பரை நோய் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். நார்வேயைச் சேர்ந்த ஹான்சன் 1873-ல் இதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

இது படுசோம்பேறிக் கிருமி. பல பாக்டீரியாக்கள் அரை மணி நேரத்துக்குள் இரண்டாகப் பெருகிவிடும். இது ஒருமுறை பெருக ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். உடலுக்குள் நுழைந்து அறிகுறி தெரியச் சராசரியாக 5 ஆண்டுகள், சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகும். அதனால் யாரிடமிருந்து தொற்றியது என்று வீட்டில் பஞ்சாயத்து வைப்பதில் அர்த்தமே இல்லை.

மருந்து எடுக்காத நோயாளியின் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் தெறிக்கும் நீர்த்துளிகள் வழியாகத்தான் கிருமி பெரும்பாலும் பரவுகிறது. அதுவும் மாதக்கணக்கில் நெருங்கிப் பழகினால்தான். கைகொடுத்தாலோ, சேர்ந்து சாப்பிட்டாலோ, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தாலோ ஒட்டிக்கொள்ளாது. கிருமி உள்ளே போனாலும், 100 பேரில் ஏறத்தாழ 95 பேருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியே பார்த்துக்கொள்ளும்.

இடையில் ஒரு விநோதம். இந்தக் கிருமிக்குக் குளிர்ச்சி பிடிக்கும். மூக்கு, காது, கை, கால் என்று உடம்பில் சூடு குறைந்த இடங்களாகப் பார்த்துத் தங்கும். ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில் இதை இன்றுவரை வளர்க்க முடியவில்லை. ஆனால் உடல் சூடு குறைவாக உள்ள ஆர்மடில்லோ என்ற விலங்கில் நன்றாக வளர்கிறது. அமெரிக்காவின் தென்பகுதியில் காட்டு ஆர்மடில்லோக்களிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றியதும் உண்டு.

[திரையில்: மாத்திரை அட்டை. முதல் வரிசை தனியாக மின்னுகிறது.]

1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதுவரை டாப்சோன் ஒன்றை மட்டும் ஆண்டுக்கணக்கில் கொடுத்துவந்தார்கள், கிருமியும் அதற்குப் பழகிப்போனது. இப்போது ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபசிமின் மூன்றும் சேர்ந்து வருகின்றன. மாதத்துக்கு ஒரு அட்டை. முதல் நாள் மாத்திரைகளைச் சுகாதாரப் பணியாளர் கண் முன்னால் விழுங்க வேண்டும், மற்றவை தினமும் வீட்டில். தேமல் ஐந்து வரை என்றால் 6 மாதம், அதற்கு மேல் என்றால் 12 மாதம். ரிஃபாம்பிசின் எடுத்த நாளில் சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்துபவர்கள் உண்டு, அதனால் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. க்ளோஃபசிமின் தோலைக் கருக்க வைக்கும், மருந்து முடிந்தபின் அது மெல்ல மங்கிவிடும்.

மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளியிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றுவது நின்றுவிடும். 1995 முதல் இந்த மருந்துகள் உலக சுகாதார நிறுவனம் வழியாக இலவசமாகக் கிடைக்கின்றன.

அப்படியானால் செலவு எங்கிருந்து வருகிறது?

முதல் செலவு, நோய் என்னவென்று தெரிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. படர்தாமரை என்று நினைத்து ஒரு களிம்பு, ஒவ்வாமை என்று இன்னொரு களிம்பு, அப்புறம் வேறொரு மருத்துவர். அதற்குள் ஆண்டுகள்கூட ஓடிவிடும். நோய் தெரிந்த பிறகும், உள்ளூரில் மருந்து வாங்கினால் பேச்சு கிளம்பும் என்று தூரத்து ஊருக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போகவர பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி நஷ்டம், மாதாமாதம். வெட்கத்துக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

பெரிய செலவு, இந்த நோய் கெடுக்கும் நரம்பில்தான். சிகிச்சையின்போதோ, முடிந்த பிறகோகூட, உடலின் எதிர்ப்பு வேகத்தில் நரம்பு வீங்கி வலிக்கலாம். பலர் 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று அதை நிறுத்திவிடுகிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு: கூட்டு மருந்தைத் தொடர்ந்தபடியே மருத்துவர் தரும் ஸ்டீராய்டை எடுக்க வேண்டும். நரம்பு கெட்டு 6 மாதத்துக்குள் அதைத் தொடங்கினால் உணர்ச்சியும் பலமும் திரும்ப வாய்ப்பு உண்டு. விட்டுவிட்டால் விரல் மடங்கும், பாதம் தொங்கும், கண் இமை மூடாது.

[திரையில்: ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு பாதங்கள்.]

உணர்ச்சி இல்லாத காலில் முள் குத்தினாலும் தெரியாது, அப்படியே நடப்பார்கள், புண் ஆழமாகும். விரல் குட்டையாவதற்கு இந்தப் புண்களும் அவற்றில் சேரும் சீழும்தான் பெரும் காரணம். பராமரிப்பு எளிது, ஆனால் தினமும் செய்ய வேண்டும். சாதாரணத் தண்ணீரில் அரை மணி நேரம் கால்களை ஊறவைக்க வேண்டும். வெந்நீர் கூடாது, சுட்டாலும் தெரியாது. காய்ப்பு ஏறிய தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்த்து, ஈரம் காயும் முன் எண்ணெய் தடவ வேண்டும். போடுவதற்கு முன் செருப்புக்குள் கையை விட்டுப் பார்ப்பது போதாது, கையிலும் உணர்ச்சி இருக்காதே! கண்ணால் பார்க்க வேண்டும். அடிப்பாகம் மிருதுவான எம்.சி.ஆர். என்ற நுண்துளை ரப்பர் செருப்பு, தேய்ந்தால் புதிது, புண் வந்தால் வாரக்கணக்கில் காலை ஊன்றாத ஓய்வு. கூலி வேலைக்காரருக்கு இதில் கடைசியாகச் சொன்ன ஓய்வுதான் கட்டுப்படியாகாதது.

மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தலாம். நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைக்கும் இந்த முறையை வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் வளர்த்தெடுத்தார். பிடிக்கும் சக்தி திரும்பும், தொடு உணர்ச்சி திரும்பாது.

உலகில் ஆண்டுக்கு 2 லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையில் புது நோயாளிகள், அதில் பாதிக்கு மேல் இந்தியாவில். அவர்களோடு பழகுபவர்களுக்கு ரிஃபாம்பிசின் ஒரே ஒரு வேளை கொடுக்கலாம் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் நோய் வரும் ஆபத்தை அது பாதிக்கு மேல் குறைக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு மாத்திரை கொடுக்க வேண்டுமென்றால், இந்த வீட்டில் யாருக்கு நோய் என்று தெரிந்துவிடுமே. அதனால் நோயாளியின் சம்மதம் இல்லாமல் கொடுப்பதில்லை. எத்தியோப்பியா, மொசாம்பிக், தான்சானியாவில் வேறொரு வழியை முயன்றார்கள்: சுற்றுவட்டாரம் முழுவதற்கும் பொதுவான தோல் பரிசோதனை முகாம். சொறி சிரங்குக்கு வந்தவருக்கும் அங்கே வைத்தியம் உண்டு, தகுதியுள்ளவர்களுக்கு அந்த ஒருவேளை மாத்திரையும் உண்டு.