யார் பாட்டு என்று கேட்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். பாட்டுக் கேட்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். அதிலும் நாமாகத் தேடி எடுக்காத பாட்டை, தானாக வந்து சேர்கிற பாட்டைக் கேட்பது பற்றிப் பேசத்தான் எனக்கு ஆசை.

நம் கரைக்கு இது பழைய பழக்கம். மண்டபத்திலும் பாம்பனிலும் தொண்டியிலும் டிரான்சிஸ்டர் வைத்திருந்த வீடுகளுக்குத் தெரியும். திருச்சி நிலையத்தைத் தேடி முள்ளைத் திருப்பினால் நடுவில் இலங்கை வந்து நிற்கும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். தூரம் மட்டுமே காரணமும் இல்லை. வானொலியின் மத்திய அலை தரை மேல் போவதைவிட உப்புத் தண்ணீர் மேல் வலுக்குறையாமல் வெகுதூரம் போகும். கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஊர்க்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட பாட்டு நமக்குத் திண்ணை வரை கேட்டது. என்ன பாட்டு வரும் என்று தெரியாது. வந்ததைக் கேட்டோம்.

இப்போது செல்போன். மாலையில் என் தங்கை மகள் பாட்டுகளைக் கலைத்துப் போட்டு ஏதாவது ஒன்றை ஓடவிடுவாள். யார் பாடியது, எந்தப் படம், எதையும் பாட்டு முடிகிறவரை சொல்லக் கூடாது. அதுதான் எங்களுக்குள் ஏற்பாடு. பெயர் தெரிந்துவிட்டால் பாதி முடிவைப் பெயரே எடுத்துவிடுகிறது.

சமீபத்தில் முதலில் வந்தது இலங்கைப் பைலா. தொடங்கியதுமே கால் ஆட ஆரம்பித்துவிட்டது. போர்த்துக்கீசியர் வழியாக இலங்கைக்கு வந்த தாளம். மும்மூன்றாக அடி விழும். ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் அந்தத் துள்ளலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். வரிகளில் பெரிய விஷயம் எதுவும் இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை. பாடுகிறவர் சிரித்துக்கொண்டே பாடுவது காதுக்குத் தெரிகிறது பாருங்கள், அது போதும்.

அடுத்து நாகூர் ஹனிபா. இங்கே கொஞ்சம் நிற்கிறேன். “மாமா, இது யாருன்னு நான் சொல்லவே வேண்டாம்” என்றாள். உண்மைதான், அந்தக் குரலை மறைக்க முடியாது. பெயரில் நாகூர் ஒட்டிக்கொண்டாலும் அவர் பிறந்தது நம் ராமநாதபுரத்தில், 1925இல். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்வேன், இப்போது வானொலியிலும் சொல்லிவிட்டேன். கந்தூரி, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று அவர் பாட்டு பெரும்பாலும் குழாய் ஒலிபெருக்கி வழியாகத்தான் நம்மிடம் வந்தது. குழாயில் அடிக்குரல் எடுபடாது. எத்தனையோ நல்ல குரல்கள் அதில் தகரச் சத்தமாகிவிடும். ஹனிபாவுக்கு அது நேரவில்லை. உச்சத்துக்குப் போனாலும் எழுத்து உடையாது. ஆடி மாதக் கச்சான் காற்று பாட்டில் பாதியைத் தின்றுவிடும். மிச்சப் பாதியிலும் சொல் புரியும். போனின் சின்ன ஒலிபெருக்கியிலும் அடிக்குரல் கிடையாது, அங்கேயும் அவர் நிற்கிறார். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டைக் கோயில் தெருவிலும் மாதாகோயில் பக்கமும் ஒலிக்கக் கேட்டிருக்கிறேன். யார் பாட்டு என்று கேட்டு யாரும் நிறுத்தவில்லை.

அப்புறம் ஒரு கீர்த்தனை. பாட்டு பிடித்துப்போன பிறகுதான் அது ‘ராமநாதம் பஜேஹம்’ என்று தெரிந்தது. ராமேசுவரத்துச் சாமி மேல் முத்துசுவாமி தீட்சிதர் செய்தது. பந்துவராளி ராகம், தீட்சிதர் வழியில் காசிராமக்ரியா என்பார்கள். தீர்த்தமாடிவிட்டு ஈர வேட்டியோடு பிராகாரத்தில் நடக்கிறவர்கள் முகத்தில் ஒரு கனம் இருக்கும் அல்லவா, அந்தக் கனம் இந்த ராகத்தில் இருக்கிறது. ஊர்ச்சாமி என்பதற்காகப் பிடிக்கவில்லை, பாட்டுக்காகப் பிடித்தது. அதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பிறகு யாரோ கடற்கரையிலேயே பதிவு செய்த அம்பாப் பாட்டு, மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடுவது. காற்றும் அலையும் கூடவே இரைகின்றன. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். கரைவலை இழுத்தவர்களுக்குத் தெரியும், பாட்டில் அடி விழுகிற இடத்தில்தான் கையின் இழுப்பும் விழும். பாட்டுத் தவறினால் கயிறு தவறும். இதையே மேடையில் பக்கவாத்தியத்தோடு பாடினால் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கையில் கயிறு இல்லாதபோது வேகம் கூடிவிடுகிறது. அம்பாவுக்கு மூச்சு வாங்க இடம் வேண்டும். மேடைக்காரர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும். வேகத்தைக் குறையுங்கள், மூச்சுக்கு இடம் விடுங்கள்.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். சரி, மீதியை வேகமாகச் சொல்கிறேன். ஒரு ராக் பாட்டு வந்தது. மொழி பிடிபடவில்லை, கிதார் பிடித்தது. பாடகர் குரலில் ஒரு கரகரப்பு. அது வேண்டுமென்றே வைத்த கரகரப்பு என்று மறுபடி கேட்டபோது புரிந்தது. கடைசியாகச் சென்னைக் கானா. சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடி வளர்ந்த பாட்டு அது. அதை நம் பக்கத்து ஒப்பாரியோடு சேர்த்துப் பேச நிறையக் குறித்து வந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒப்பாரியில் பெண்கள் செத்தவரையே கூப்பிட்டுப் பேசுவார்கள். கானா பாடுகிறவர் சுற்றி விழித்திருப்பவர்களைப் பார்த்துப் பாடுவார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், ஒப்பாரி முதலில். நன்றி, வணக்கம்.