ஜெபித்துவிட்டால் மனைவியிடம் பேச வேண்டியதில்லையா?

அனைவருக்கும் கர்த்தரின் நாமத்தில் ஸ்தோத்திரம். வந்திருக்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். ஊர், பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. எழுதிய சகோதரி அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தை வாசிக்கிறேன்.

"ஐயா, எங்களுக்குத் திருமணமாகி 11 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு பிள்ளைகள். கணவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார். இரவு குடும்ப ஜெபம் ஒருநாளும் தவறுவதில்லை. தம் தம்பி வாங்கிய கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தம்பி தவணை கட்டவில்லை என்று ஃபைனான்ஸ்காரர்கள் வீட்டுக்குப் போன் செய்தபோதுதான் எனக்கே தெரிந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். 'ஜெபித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். நீயும் ஜெபி, கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று முடித்துவிட்டார். அதற்கு மேல் பேசினால் கீழ்ப்படியாமை ஆகுமா? நான் இன்னும் ஜெபித்துக் காத்திருக்க வேண்டுமா?"

சகோதரி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெபியுங்கள், பேசவும் செய்யுங்கள். கர்த்தரிடம் பேசிவிட்டதால் மனைவியிடம் பேச வேண்டிய கடமை தீர்ந்துவிட்டது என்று வேதத்தில் எங்கும் இல்லை. அப்படித் தீர்ந்துவிட்டதாக நினைத்து வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கதை மட்டும் இருக்கிறது. ஈசாக்கு, ரெபெக்காள் குடும்பம்.

நம் திருமண ஆராதனைகளில் அடிக்கடி சொல்லப்படும் தம்பதியர் இவர்கள். "ஈசாக்கையும் ரெபெக்காளையும் போல" என்று வாழ்த்துவோம். வாழ்த்துவதற்குக் காரணமும் உண்டு. ஈசாக்குக்குத் திருமணமானபோது 40 வயது, பிள்ளைகள் பிறந்தபோது 60. இடைப்பட்ட இருபது ஆண்டுகளும் குழந்தை இல்லை. அவன் தகப்பன் ஆபிரகாமைப்போல வேலைக்காரியிடம் போகவில்லை; மனைவிக்காகக் கர்த்தரை நோக்கி வேண்டுதல் செய்தான் என்று ஆதியாகமம் 25ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அன்புக்கும் குறைவில்லை. கேராரில் அபிமெலேக்கு ராஜா ஜன்னல் வழியாகப் பார்த்தபோது இருவரும் விளையாடிக்கொண்டிருந்தார்களாம். சகோதரி என்று ஈசாக்கு சொல்லிவைத்திருந்த இவள் அவன் மனைவி என்று அதைப் பார்த்துத்தான் ராஜாவுக்குப் புரிந்தது.

ரெபெக்காளும் ஜெபிக்கிறவள்தான். வயிற்றில் பிள்ளைகள் மோதிக்கொண்டபோது அவள் நேராகக் கர்த்தரிடத்தில் விசாரிக்கப் போனாள். "மூத்தவன் இளையவனைச் சேவிப்பான்" என்ற பதிலும் கிடைத்தது. எவ்வளவு பெரிய வெளிப்பாடு! அதை அவள் ஈசாக்கிடம் வந்து சொன்னதாக ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லை. சொல்லியிருக்கலாமே என்று வாதிடுகிறவர்கள் உண்டு. சொல்லியிருந்தால் 27ஆம் அதிகாரத்தில் நடப்பது எதற்கும் அவசியமே வந்திருக்காது. ஈசாக்கு மூத்தவனைக் கூப்பிட்டு இரகசியமாக ஆசீர்வதிக்கப் பார்க்கிறான். மனைவி மறைவில் நின்று ஒட்டுக்கேட்கிறாள். பிறகு ஆட்டுத்தோலைச் சுற்றி இளையவனை அனுப்பி, கண் தெரியாத கணவனை ஏமாற்றுகிறாள். இரண்டு பேரும் கர்த்தருடைய ஆசீர்வாதத்துக்காகத்தான் இவ்வளவையும் செய்தார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு வருத்தம் அதிகம்.

அதோடும் முடியவில்லை. மூத்தவன் ஏசா தம்பி யாக்கோபைக் கொலை செய்யத் துணிந்தான் என்று அவளுக்குத் தெரியவருகிறது. அதையாவது கணவனிடம் சொன்னாளா? "ஏத்தின் பெண்களால் எனக்கு உயிரே வெறுத்துப்போயிற்று" என்று வேறு ஒரு பேச்சை எடுத்து, யாக்கோபைப் பெண் தேட அனுப்பும்படி செய்துவிடுகிறாள். ஏசா மணந்திருந்த அந்த ஏத்தின் மருமகள்களால் இருவருக்கும் மனநோவு இருந்தது உண்மை. உண்மையான துக்கத்தையே சாக்காக வைத்து இன்னொரு உண்மையை மறைத்தாள். "சிலநாள்" போய் இரு என்று மகனை அனுப்பினாள்; அவன் அவளுடைய சகோதரன் லாபான் வீட்டில் இருந்தது இருபது ஆண்டுகள். அவனைத் திரும்பப் பார்த்தாள் என்று வேதம் சொல்லவில்லை.

ஆகவே உங்கள் கணவர் ஜெபிக்கவே இல்லை, பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். உண்மையாகவே ஜெபித்திருப்பார். உத்தரவு கிடைத்ததாகவும் நம்பியிருப்பார். அந்த உத்தரவை வீட்டிலிருக்கிற இன்னொருவரிடம் சொல்லிச் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது. அது சின்ன விஷயமும் அல்ல.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கமும் நம் வீடுகளில் இருக்கிறது. பேச்சு நின்றுபோன வீட்டில் குடும்ப ஜெபம் எப்படி மாறுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? இரவு ஒன்பது மணி, பாய் விரித்தாயிற்று, சங்கீதம் வாசித்தாயிற்று, எல்லாரும் முழங்காலில் நிற்கிறார்கள். கணவர் ஆரம்பிக்கிறார்: "ஆண்டவரே, இந்த வீட்டில் அமைதலுள்ள ஆவியைத் தாரும், எதிர்த்துப் பேசாத நாவைத் தாரும்." அடுத்து மனைவியின் முறை. "ஆண்டவரே, மறைவான காரியங்களையெல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறவர் நீர். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி உமக்குத் தெரியும்." பெரியவன் ஒரு கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்க்கிறான். இதைக் குத்தல் ஜெபம் என்று நான் சொல்வதுண்டு. ஆண்டவரைத் தபால்காரராக வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் கடிதம் போடுகிற வேலை இது. உங்கள் வீட்டில் இது தொடங்கியிருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். சொல்ல வேண்டியதை எழுந்து உட்கார்ந்து நேரே சொல்லுங்கள். பிள்ளைகள் ஜெபத்தையே வெறுத்துப்போவார்கள்.

இனி கீழ்ப்படியாமை பற்றி. "மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்" என்று எபேசியர் 5:22ஐ எடுத்துப் படிப்பவர்கள் அதற்கு முந்தின வசனத்தை விட்டுவிடுகிறார்கள். 21இல் "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்றுதான் அப்போஸ்தலர் தொடங்குகிறார். பேதுரு கீழ்ப்படிதலுக்கு யாரை உதாரணம் காட்டுகிறார்? ஆபிரகாமின் மனைவி சாராளை. அந்தச் சாராள் வாய் மூடி இருந்தவளா? வேலைக்காரி ஆகாரை அனுப்பிவிடும்படி அவள் சொன்னது ஆபிரகாமுக்குக் கசப்பாக இருந்தபோது, "சாராள் உனக்குச் சொல்வதெல்லாவற்றையும் கேள்" என்று தேவனே அவனிடம் சொன்னார். கீழ்ப்படிந்த மனைவிக்குப் பேச வாய் இருந்தது. கேட்கும்படி கணவனுக்குக் கட்டளையும் வந்தது.

அதே பேதுரு அடுத்த வசனத்திலேயே, அதாவது 1 பேதுரு 3:7இல், கணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறார். மனைவியோடு விவேகத்தோடு வாழ்ந்து, அவளுக்குரிய கனத்தைக் கொடுங்கள். "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு" என்கிறார். "நீயும் ஜெபி" என்று பேச்சை முடிக்கிற தம்பிமார் இந்த வசனத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். மனைவியைக் கனப்படுத்தாதவனுடைய ஜெபத்துக்கே தடை வருகிறதென்றால், அவளிடம் மறைத்துவிட்டுச் செய்த ஜெபத்தைக் காட்டி அவள் வாயை அடைப்பது எப்படி?

ரெபெக்காளுக்கு நேர் எதிர் சாமுவேலின் தாய் அன்னாள். பிள்ளையில்லாத அவளும் தனியாகத்தான் ஜெபித்தாள்; பிள்ளை தந்தால் அவனைக் கர்த்தருக்கே கொடுப்பேன் என்று பொருத்தனை செய்தாள். அவள் மனம் கணவனுக்குப் புரியவில்லை. "பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா" என்று எல்க்கானா கேட்டது ஆறுதலா, அலுப்பா என்பதை நம் சகோதரிகளே சொல்லட்டும். ஆசாரியனாகிய ஏலிக்கும் புரியவில்லை; வெறித்திருக்கிறாள் என்று நினைத்தான். ஆனாலும் பிள்ளை பிறந்தபிறகு அவள் செய்ததைப் பாருங்கள். பால்மறந்தபின் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவேன் என்று கணவனிடம் தெளிவாகச் சொல்கிறாள். எண்ணாகமம் 30இன்படி மனைவி செய்த பொருத்தனையைக் கேள்விப்பட்ட நாளிலேயே தள்ளிவிடக் கணவனுக்கு அதிகாரம் இருந்தது. எல்க்கானா அந்த அதிகாரத்தை எடுக்கவில்லை. "நீ உன் இஷ்டப்படி செய்" என்றான், கர்த்தர் தம்முடைய வார்த்தையை நிறைவேற்றுவாராக என்றான். தன் ஒரே பிள்ளையை விட்டுக்கொடுக்கிற தீர்மானம் அது! அதை ஒருத்தி தன் கணவனிடம் சொல்ல முடிந்தது, அவனும் கேட்டுக்கொண்டான்.

இப்போது ஜாமீன் விஷயம். இதில் நீங்கள் காத்திருக்கக் கூடாது. ஜாமீன் என்றால் சும்மா சாட்சிக் கையெழுத்து என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாத வரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் தம்பியிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் அண்ணனிடம் வர வேண்டும் என்பதில்லை. எனவே இது உங்கள் கணவரின் தனிப்பட்ட கையெழுத்து அல்ல; உங்கள் வீட்டு அரிசி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதில் இருக்கிறது. உங்களிடம் கேட்காமல் போட்டது தவறு. தம்பிக்கு உதவியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். கூடப்பிறந்தவனைக் கைவிடுகிற கிறிஸ்தவம் நமக்கு வேண்டாம். மறைத்ததுதான் தவறு.

வேதம் இந்தக் காரியத்தைப் பற்றி நேராகவே பேசுகிறது. நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம் முதல் ஐந்து வசனங்கள். பிணைப்பட்டுவிட்டாயா, அதாவது ஜாமீன் நின்றுவிட்டாயா? போ, உன்னைத் தாழ்த்தி அவனை வருந்திக் கேட்டுக்கொள், கண்ணுக்கு நித்திரை வரவிடாதே, வேடன் கைக்குத் தப்பும் மானைப்போல உன்னைத் தப்புவித்துக்கொள் என்கிறது. ஜெபித்துவிட்டுப் படுத்துத் தூங்கு என்று சொல்லவில்லை. எழுந்து போய்ப் பேசு என்கிறது. இந்தப் பகுதியை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். ஒப்பந்தத்தின் நகலை வாங்கி, பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். தம்பியையும் உட்காரவைத்து, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று கேளுங்கள். அந்த உட்காரலில் மாமியாரைத் தீர்ப்புச் சொல்ல அழைக்காதீர்கள், உங்கள் அண்ணனையும் அழைக்காதீர்கள்.

அதற்கு முன் கணவரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது? எஸ்தர் ராஜாத்தியைப் பாருங்கள். தன் ஜனத்தின் உயிருக்காக அவள் தன் கணவனாகிய அகாஸ்வேரு ராஜாவிடம் பேச வேண்டியிருந்தது. அகாஸ்வேரு நல்ல கணவனுக்கு மாதிரி அல்ல, அதை விட்டுவிடுங்கள். அவள் மூன்று நாள் உபவாசித்தாள். பிறகு எழுந்து போய்ப் பேசினாள். உபவாசம் அவளுக்குப் பேசத் தைரியம் தந்தது. போனவுடன் கொட்டிவிடவும் இல்லை. ஒரு விருந்துக்கு அழைத்தாள், அதிலும் சொல்லாமல் மறுநாள் விருந்துக்கு அழைத்து, அங்கே சொன்னாள். உங்களுக்கு விருந்து வேண்டாம். அவர் வேலையிலிருந்து பசியோடு வந்து நிற்கும்போது வேண்டாம், பிள்ளைகளுக்கு முன்பாக வேண்டாம், குடும்ப ஜெபம் முடிந்த கையோடு நிச்சயம் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் விளையாடப் போயிருக்கும்போது, ஒரு காப்பியோடு உட்காருங்கள். "உங்கள் தம்பி இப்படி, உங்கள் அம்மா அப்படி, போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இப்படி" என்று பழைய கணக்கைத் திறக்காதீர்கள். "ஃபைனான்ஸ்காரர் என்னிடம் சொன்னபோது எனக்குப் பயமாகவும் அவமானமாகவும் இருந்தது. இனி கையெழுத்துப் போடுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் சும்மா இருந்தால் நீங்களும் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். மறைத்தவர்களில் பலர் திமிரால் மறைப்பதில்லை, வெட்கத்தால் மறைக்கிறார்கள். தம்பியிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, அதை உங்களிடம் ஒத்துக்கொள்ளவும் வாய் வரவில்லை. அந்த வாய் திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

இதைக் கேட்கிற வேறு சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பேச்சை எடுத்தாலே கை நீட்டுகிற கணவன் என்றால் நான் இதுவரை சொன்னது எதுவும் உங்களுக்கு அல்ல. அங்கே காப்பி போட்டு உட்காருவது ஆபத்து. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பொறுத்துப்போ, ஜெபி என்று மட்டும் சொல்லி அனுப்புகிற போதகரிடம் மறுபடி போக வேண்டாம்.

கேள்வி கேட்ட சகோதரிக்குக் கடைசியாக ஒன்று. இந்தக் காணொளி வெளியானதும் அதைக் கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்று தோன்றும். அனுப்பாதீர்கள். குடும்பக் குழுவிலும் போடாதீர்கள். அதுவும் ஒரு குத்தல் ஜெபம்தான். நான் சொன்னதை உங்கள் சொந்த வார்த்தையில் நீங்களே அவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த கேள்வி ஒரு தம்பியுடையது. பெண் வீட்டார் வேறு சபை, திருமணத்துக்கு முன் மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அதை அவசரமாகப் பேச முடியாது, அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.