திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகும் படிப்பு

நேயர்களுக்கு வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து, பிளஸ் டூ வகுப்புகளில் ரிவிஷன் டெஸ்ட் நடக்கிற காலம் இது. மார்ச் வந்தால் பொதுத்தேர்வு. இந்த நேரத்தில் பெற்றோர் வந்து, "நல்லாப் படிக்கிற பிள்ளைதான் சார், சோம்பேறித்தனம்தான் கெடுக்குது" என்பார்கள். பல வருடம் இயற்பியல் வகுப்பெடுத்தவன் என்ற முறையில் இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சோம்பேறி நிம்மதியாகத் தூங்குவான். படிப்பைத் தள்ளிப்போடுகிற பிள்ளைக்குத் தூக்கமே சரியாக வராது. அலமாரியை அடுக்கும், பேனாவுக்கு ரீஃபில் மாற்றும், அம்மா கேட்காமலேயே கடைக்குப் போய் வரும். அந்த ஒரு பாடத்தை மட்டும் திறக்காது. திறந்தால் தனக்கு எதுவும் தெரியவில்லை என்பது தெரிந்துவிடுமே என்ற பயம். திறக்காத வரைக்கும் அந்தப் பயத்திலிருந்து தற்காலிகமாகத் தப்பிக்கலாம், அவ்வளவுதான்.

கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் டிமோத்தி பிச்சில் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். மனச்சங்கடத்திலிருந்து ஒதுங்கத்தான் தள்ளிப்போடுகிறோம் என்பது அவருடைய முடிவு. 2010இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்ட மாணவர்களில், "சரி, நடந்தது நடந்துவிட்டது" என்று தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். திட்டத் திட்டப் பிள்ளை இன்னும் ஏன் ஒதுங்குகிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. போன மாதத்துக் கணக்கை முடித்துவிட்டு, இன்றைக்கு என்ன என்று பார்ப்பதுதான் நல்லது.

அப்புறம், டைம் டேபிள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நாலு நிறத்தில் ஸ்கெட்ச் பேனா தீட்டி, காலை நாலு மணி முதல் இரவு பதினொன்று வரை கட்டம் கட்டி, ஒரு சாயங்காலம் முழுக்க அதிலேயே போய்விடும். இரண்டாம் நாளே ஒரு கட்டம் தவறும். உடனே "திங்கட்கிழமையிலிருந்து புதுசா ஆரம்பிக்கலாம்." நேரத்தைக் குறைத்துக் கணக்கிடுவது எல்லாருக்கும் உள்ள பழக்கம். ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கல்லூரி மாணவர்களைக் கேட்ட 1994ஆம் வருட ஆய்வில், அவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள். ஆனதோ 55 நாளுக்கு மேல். ஆகவே ஒரு மணி நேரம் என்று தோன்றினால் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிறு மதியத்துக்கு எதையும் எழுதாதீர்கள். விட்டுப்போனதற்கு அந்த நேரம் வேண்டும்.

மாணவர்களே, "நிலை மின்னியல் படிக்கணும்" என்று எழுதி வைத்தால் அதில் எங்கே கை வைப்பது? இப்படி எழுதுங்கள்: "ராத்திரி சாப்பிட்டுத் தட்டு கழுவியதும், மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம்." உட்கார்ந்ததும் படத்தை மட்டும் வரையுங்கள். இரண்டு மின்துகள்கள், நடுவே இடைவெளி, அச்சில் தள்ளி ஒரு புள்ளி. படம் விழுந்துவிட்டால், நேர் மின்துகளால் அந்தப் புள்ளியில் எவ்வளவு மின்புலம் என்ற முதல் வரி வந்துவிடும். வராவிட்டால் புத்தகத்தைப் பாருங்கள், மூடிவிட்டு மறுபடி எழுதுங்கள். ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று கைக்கு வரும். சுத்தமாக மனசு ஓடாத நாளில் புக் பேக் ஒன் மார்க் போடுங்கள். இயற்பியல் எழுத்துத்தேர்வின் 70 மதிப்பெண்ணில் 15 ஒன் மார்க் கேள்விகளுக்குத்தான்.

செல்போனைப் பற்றிச் சொன்னால், "குரூப்லதான் சார் நோட்ஸ் வருது" என்பீர்கள். உண்மைதான். வேண்டிய பக்கத்தை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுங்கள், இல்லையென்றால் கையால் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு போன் அம்மாவிடம் இருக்கட்டும்.

வீட்டில் தனி அறை, மேஜை எல்லாருக்கும் கிடையாது. ஒரே அறையில் டிவியும் சமையலும் தம்பி தங்கையும் இருக்கிற வீட்டுப் பிள்ளையிடம் மனக்கட்டுப்பாடு பற்றிப் பேசுவது நியாயமில்லை. அந்தப் பிள்ளைக்குப் பள்ளி விட்டபின் வகுப்பறையில் ஒரு மணி நேரம் இடம் கொடுங்கள் என்று சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோருக்கு ஒன்று. "படிச்சியா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு எந்த இடத்துல நின்னுபோச்சு?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்வது உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. நின்ற இடத்தை ஒரு தாளில் எழுதிப் பையில் வைக்கச் சொல்லுங்கள், காலையில் அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டட்டும். ரிவிஷன் நேரத்தில் சந்தேகத்தை எழுதிக்கொண்டு வருகிற பிள்ளை என்றால் எங்களுக்குச் சந்தோஷம்தான்.

நன்றி, வணக்கம்.