பழைய விலைப்பட்டியலே போதும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் பாடநூலில் மூலதனச் சந்தை, பங்குச் சந்தை, அதை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி ஆகியவை பற்றிய பாடங்கள் இருக்கின்றன. மும்பை பங்குச் சந்தை 1875இல் தொடங்கியது என்பதையும், விலை ஏறும் என்று நம்பி வாங்குபவர் காளை, இறங்கும் என்று கருதி விற்பவர் கரடி என்பதையும் மாணவர்கள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அதே மாணவர் 18 வயது நிறைந்ததும் பான் எண்ணையும் ஆதாரையும் கொண்டு கைப்பேசியிலேயே, பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்க உதவும் டீமேட் கணக்குத் தொடங்கிவிடலாம். அதற்கு முன்னால் அவருக்கு ஒரு பயிற்சி வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. எத்தகைய பயிற்சி என்பதுதான் கேள்வி.

அமெரிக்கப் பள்ளிகளில் 1977 முதல் பங்குச் சந்தை விளையாட்டு ஒன்று நடந்து வருகிறது. மாணவர்கள் குழுக்களாகச் சேர்ந்து, கற்பனையான ஒரு லட்சம் டாலரை உண்மையான நிறுவனங்களின் பங்குகளில் முதலீடு செய்வார்கள். இத்தகைய விளையாட்டை நாம் நடத்தும்போது, அதிக லாபம் காட்டிய குழுவுக்கே பரிசு என்று அறிவிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு மூன்று மாதமே நடக்கும் போட்டியில் முதலிடம் பெற எளிய வழி, முழுத் தொகையையும் தாறுமாறாக ஏறி இறங்கும் ஏதோ ஒரு பங்கில் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான்; தோற்றாலும் கைக்காசு போகப்போவதில்லை. பணத்தைப் பல துறைகளில் பிரித்துப் போட்டு நிதானமாக நடந்த குழு, பட்டியலின் நடுவில் பெயர் தெரியாமல் நிற்கும். அதிர்ஷ்டத்துக்குக் கைதட்டிவிட்டு அதற்குத் திறமை என்று பெயர் வைப்பது ஆசிரியர் செய்யக்கூடிய காரியமா?

இது வீண் அச்சம் அன்று. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் பங்குகளின் வருங்கால விலையை வைத்து ஒப்பந்தம் போடும் எஃப் அண்ட் ஓ வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். நஷ்டத்தின் கூட்டுத்தொகை 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2023-24ஆம் ஆண்டில் அவ்வணிகம் செய்தவர்களில் 43 சதவீதம் பேர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள்.

மாதிரி வணிக விளையாட்டுகளுக்கு நேரடி விலைத் தகவலைத் தரக் கூடாது என்று 2024 மே மாதத்திலேயே செபி சுற்றறிக்கை விடுத்தது. கல்வி மட்டுமே புகட்டுவோர், கடந்த மூன்று மாத விலைகளைக் காட்டி ஒரு பங்கைப் பரிந்துரைக்கவோ அதன் வருங்கால விலையைச் சுட்டவோ கூடாது என்று 2025 ஜனவரியில் மேலும் தெளிவுபடுத்தியது. இதனால் வகுப்பறைக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை என்பதே என் கருத்து. கற்பிப்பதற்குப் பழைய விலைதான் ஏற்றது.

2020ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டையும் நிறுவனப் பெயர்களையும் மறைத்து, விலைகளையும் நிறுவனக் கணக்குகளையும் மட்டும் கட்டத்துக்கு ஒரு தாளாகக் கொடுத்துவிடலாம். வாங்குவதற்கு முன் ஒவ்வொரு குழுவும், இதை ஏன் வாங்குகிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம், எந்த நிலையில் விற்போம் என்பதைக் குறிப்பேட்டில் பேனாவால் எழுதிவைக்க வேண்டும். ஜனவரி இறுதியில் 40,723ஆக இருந்த, மும்பை பங்குச் சந்தையின் விலைக் குறியீடான சென்செக்ஸ், பிப்ரவரி இறுதித் தாளில் 38,297. மார்ச் 23ஆம் தேதித் தாளில் 25,981. அந்த ஒரே நாளில் மட்டும் 13 சதவீதச் சரிவு. இப்போது எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்று குரல் எழும். அந்த வேளையில் அவர்கள் கையாலேயே எழுதிய “ஐந்தாண்டு வைத்திருப்போம்” என்ற வரியைப் படிக்கச் சொல்ல வேண்டும். டிசம்பர் இறுதித் தாளில் சென்செக்ஸ் 47,751.

பொறுத்தவர் பூமி ஆள்வார் என்று இதற்கு உடனே பொருள் கொண்டுவிடக் கூடாது. ஆகவே பட்டியலில் எஸ் பேங்க் பங்கும் இருக்கட்டும். 2018இல் 400 ரூபாயைத் தொட்ட அந்தப் பங்கு, ரிசர்வ் வங்கி அவ்வங்கிக்குக் கட்டுப்பாடு விதித்த மறுநாளான 2020 மார்ச் 6 அன்று 16 ரூபாய் அளவில் முடிந்தது; பழைய உயரத்தை அது பிறகு நெருங்கவே இல்லை. சந்தை முழுவதும் விழும்போது தன் பங்கும் விழுவது வேறு, நிறுவனமே நொடிப்பது வேறு. இரண்டையும் பிரித்தறிய விலை மட்டும் உதவாது, வாராக்கடன் கணக்கையும் படித்தாக வேண்டும்.

செலவுகளையும் விளையாட்டில் சேர்க்க வேண்டும். வாங்கிய பங்கை அன்றே விற்காமல் கணக்கில் வைத்துக்கொள்ளும் டெலிவரி முறையில் ஒரு லட்ச ரூபாய்ப் பங்கை வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது மீண்டும் 0.1 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரி உண்டு. ஆக, ஒரு சுற்றுக்கு 200 ரூபாய். மாதம் பத்துச் சுற்று என்றால் ஆண்டுக்கு 24,000 ரூபாய். தரகு, முத்திரைக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் இதற்கு மேல். வருமான வரியைப் பற்றி இன்னும் பேசவே இல்லை.

ஒரு குழுவை மட்டும் தன் கற்பனைத் தொகை முழுவதையும் வங்கி வைப்பில் போட்டுவிட்டு உட்காரச் சொல்லலாம். மார்ச்சில் அக்குழு முதலிடத்தில் இருக்கும், டிசம்பரில் பின்தங்கும். மதிப்பெண்ணை லாபத்துக்குத் தராமல் குறிப்பேட்டுக்குத் தந்தால், இழந்த குழுவும் காரணம் தெளிவாக எழுதியிருந்தால் முதல் இடம் பெறும். இதற்குச் செயலி எதுவும் தேவையில்லை. பழைய நாட்களின் முடிவு விலைகள் பங்குச் சந்தைகளின் இணையதளங்களிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

வணக்கம்.