பந்தியிலிருந்து விலகிய பேதுரு

(தேவகோட்டையில் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் சாமியார்களே, போதகர்களே, ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

ஒற்றுமையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எல்லோரும் ஆண்டவரின் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம், யாரும் மறுக்க மாட்டீர்கள். நான் ஒரு சாப்பாட்டுத் தகராறைப் பற்றிப் பேசப்போகிறேன். செட்டிநாட்டில் சாப்பாட்டுப் பேச்சு என்றால் யாரும் பாதியில் எழுந்து போக மாட்டார்கள் என்ற தைரியம்தான்.

பவுல் எழுதிய கலாத்தியர் நிருபம், இரண்டாம் அதிகாரம். இடம் அந்தியோக்கியா. யூதர்களும் யூதரல்லாதவர்களும் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யூதர்கள் மற்றவர்களோடு பந்தியில் உட்காராத காலம் அது; சாதாரணக் காரியம் அல்ல. பேதுருவும் வந்தார், கூடவே உட்கார்ந்து சாப்பிட்டார். அப்புறம் எருசலேமிலிருந்து, அங்கே சபைத் தலைவராக இருந்த யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்து சேர்ந்தார்கள். அவர்களைக் கண்டதும் பேதுரு மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள், பவுலின் கூட்டாளி பர்னபா உட்பட. பவுல் விடவில்லை. அத்தனை பேர் முன்னாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

பேதுரு எந்த உபதேசத்தையும் மறுக்கவில்லை. ஜெபத்தை நிறுத்தவில்லை. ஊரிலிருந்து வந்த நம்மவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்தார், அவ்வளவுதான். அந்த பயம் நமக்குத் தெரியாததா? கல்யாண வீட்டில் எத்தனை பேர் அதற்காகவே பந்தி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள்! ஆனால் பவுல் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. நற்செய்தியின் உண்மையே அதில் அடிபடுகிறது என்றார்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். விருந்தென்றால் இலை போட்டு, உபசரித்துத் திணறடிப்போம். அதே விருந்துக்குப் பாத்திரம் தேய்த்தவர்களுக்கு இலை எங்கே விழுந்தது? கடைசிக் கட்டில், கடைசியாக. இது ஒரு மதத்தாரின் வழக்கம் என்று சொல்லி நாம் தப்பிக்க முடியாது.

மதுரை மிஷனின் வரலாறே அதைச் சொல்லும். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி, தத்துவ போதகர் என்னும் நொபிலி, பிராமணத் துறவியைப் போல வாழ்ந்தார். பரதவர்களுக்குப் பணி செய்துவந்த தம் சபைத் துறவி ஒருவர் அதே ஊரில் இருந்தும், அவரோடு சேர்ந்து சாப்பிடாமல் தனியே இருந்தார். நல்ல நோக்கம்தான். ஆனாலும் பேதுரு விலகியதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை என்பது என் எண்ணம். பின்னால் மற்ற சாதியாரிடம் போவதற்கென்றே பண்டாரசாமிகள் என்று தனிப் பிரிவு வந்தது. லிஸ்பனில் அரண்மனையில் வளர்ந்த அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோ அந்தப் பண்டார வேடத்தில்தான் மறவர் சீமைக்கு வந்தார். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டார்.

ஓரியூருக்கு இந்துக்களும் போகிறார்கள், நாமும் போகிறோம். அவர் இரத்தம் பட்டதென்று நம்பும் அந்தச் செம்மண்ணை அள்ளும்போது பக்கத்தில் நிற்பவர் என்ன சாதி என்று யார் பார்க்கிறார்கள்? புனிதரிடத்தில் ஒன்றாவது சுலபம். ஊர் திரும்பி, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்று வரும்போதுதான் கஷ்டம்.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பீடம் ஒன்று, கூடம் இரண்டு. ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார். ஒரே பூசையை இரண்டு பக்கமும் தனித்தனியே நின்று கண்டார்கள். 1910-இல் சாமியார்கள் தடுப்பை எடுத்துவிட்டார்கள். எதிர்த்தவர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். கோர்ட்டு வரை போகிற அளவுக்கு அந்தத் தடுப்பின் மேல் ஒரு பாசம்!

சபைப் பிரிவுகளைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியே இருந்தவர்கள் 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாகச் சேர்ந்தார்கள். சட்டதிட்டங்களைப் பேசிச் சேர்த்துவிட முடிகிறது. தெருவையும் தெருவையும் சேர்ப்பதற்குத்தான் சட்டம் உதவுவதில்லை. பெண் எடுப்பது, கொடுப்பது என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஞானஸ்நானச் சான்றிதழை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் வேறொன்றை விசாரிக்கிறோம்.

சரி, நேரமாகிவிட்டது. ஜனவரி 25-ஆம் தேதி, பவுல் மனம் திரும்பிய திருநாளன்று, ஜெபம் முடிந்ததும் இங்கேயே சாப்பாடு. வந்து சாப்பிடுவதோடு நிற்க வேண்டாம். சமையலுக்கு ஒவ்வொரு தெருவிலிருந்தும் இரண்டு பேர் வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன், சம்மதித்துவிட்டார்கள். காய் நறுக்குவது, உலை வைப்பது, பரிமாறுவது எல்லாமே கலந்துதான். பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் குடும்பங்களையும் கூப்பிடுங்கள். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள், போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.