மடக்குக் கத்திக்கு எந்த ஸ்டீல் நல்லது? – சந்தேகமும் விளக்கமும்

வள்ளியூர்ல இருந்து ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருக்காரு. "அண்ணாச்சி, தினமும் கையோட வச்சிக்கிட ஒரு மடக்குக் கத்தி வாங்கணும். டி2 ஸ்டீல்னு ஒண்ணு வருது, 8சிஆர்13னு ஒண்ணு வருது. எதை வாங்க?" இதான் கேள்வி. இது என் மண்டைக்குள்ளயே கிடந்து சுத்துது. கத்தியப் பத்திக் கேக்குதவங்க எல்லாரும் ஸ்டீலத்தான் கேக்காங்க. வாயோட, அதாவது வெட்டுத ஓரத்தோட, கனம் என்னன்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்காங்க.

சரி, கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிருதேன். டி2ங்கறது பட்டறையில தகடு வெட்டுத அச்சு (டை) செய்ய வந்த ஸ்டீல். கார்பன் சுமாரா ஒன்றரை சதவீதம், குரோமியம் 12 கிட்ட. கூர் நல்லா நிக்கும். ஆனா முழுசா துருப்பிடிக்காத ரகம்னு சொல்ல முடியாது. உள்ள குரோமியம் கார்பைடுன்னு ரொம்பக் கடினமான துகள் கெட்டி கெட்டியா கிடக்கும், சாதாக் கல்லு அதை ரொம்ப மெதுவாத்தான் அறுக்கும். வைரத்தூள் பதிச்ச டயமண்ட் தகடு இருந்தா தீட்டுதது சுளுவு. 8சிஆர்13ல கார்பன் 0.8, குரோமியம் 13 கிட்ட. கூர் சீக்கிரம் மழுங்கும், அதே மாதிரி வீட்டுக் கல்லுலயே சீக்கிரம் திரும்பி வந்துரும். உவரி, திருச்செந்தூர்னு கடக்காத்துல பொழங்குதவங்களுக்கு டி2 வேண்டாம், புள்ளித் துரு விழும். வேட்டி மடியில வேர்வையோட வைக்கிதவங்களுக்கும் வேண்டாம். தம்பிக்கு என் பதில் 8சிஆர்13. ஸ்டீல் கதை அவ்வளவுதான்.

இப்பம் வாய்க்கு வருவோம். பாளை அரிவாளையே எடுத்துக்கிடுங்க. பனையேறுதவங்க அதை வச்சி பாளையோட நுனிய காகிதம் மாதிரி சீவி எடுப்பாங்க. கொஞ்சம் நசுங்கினாலும் பதநீர் ஊறுதது குறைஞ்சிரும். அந்த அரிவாளுக்கு ஸ்டீல் பேரு, நம்பரு ஒண்ணும் கிடையாது. வாய் மெல்லிசு, தினமும் தீட்டு விழுது. அந்த ரெண்டுதான் சங்கதி.

மடக்குக் கத்தியிலயும் அதேதான். சுவிட்சர்லாந்துல 1891ல இருந்து படைவீரங்களுக்குக் கொடுத்த மடக்குக் கத்தி இருக்கே, விக்டோரினாக்ஸ், அதோட கடினம் ராக்வெல் கணக்குல 56 கிட்டத்தான். டி2 கத்தி 60ஐத் தொடும். ஆனா ரெண்டையும் ஒரு கொய்யாக்காயில வச்சிப் பாருங்க. சுவிஸ் கத்தி வழுக்கிக்கிட்டு இறங்கும். முதுகு நாலு மில்லி கனத்துல இருக்கற டி2 கத்தி பாதியில நின்னு காயை டப்புனு பிளந்துரும். அது வெட்டல, ஆப்பு அடிக்கிது. பிரான்சு நாட்டு ஓபினெல் கத்தி 1890ல வந்தது. அதுல 8ஆம் நம்பர் எடுத்துக்கிடுங்க, அலகு எட்டரை சென்டிமீட்டர், முதுகே ரெண்டு மில்லிக்கு உள்ளதான். அதான் அந்த வெட்டு வெட்டுது. ஒரே ஒரு குறை, அதோட மரப்பிடி ஐப்பசி கார்த்திகை மழையில ஊதி, அலகு வெளிய வர மாட்டேங்கும். பிடியோட அடிப்பக்கத்த மேசையில ரெண்டு தட்டு தட்டினா அலகு எட்டிப் பாக்கும், அந்தால இழுத்துக்கிடலாம்.

அதனால கடையில கத்திய வாங்கிப் பாக்கும்போது முதுகு ரெண்டுல இருந்து ரெண்டரை மில்லி, அதுக்கு மேல போக வேண்டாம். முதுகுல இருந்து வாய் வரைக்கும் சரிவா இறங்கியிருக்கணும். பாதி அகலம் வரைக்கும் தட்டையா வந்து அப்புறம் சட்டுனு சரிஞ்சா அது கனத்த வாய். நுணுக்கமா கனம் அளக்கற வெர்னியர் இருந்தா தீட்டின கோட்டுக்குச் சத்து மேல வச்சி அளங்க. அரை மில்லிக்குள்ள இருந்தா ரொம்ப நல்லது. முக்கால் மில்லிக்கு மேலன்னா நீங்க எவ்வளவு தீட்டினாலும் அது கயிறு அறுக்கும், பழம் அறுக்காது.

நீளம் ஆறுல இருந்து எட்டு சென்டிமீட்டர் போதும். சாக்குத் தையல் பிரிக்க, வாழைநார் அறுக்க, எலுமிச்சை நறுக்க, பார்சல் பிரிக்க இதுக்கு மேல வேண்டாம். நுங்கு சீவ அரிவாள்தான். மடக்குக் கத்தி நுனியால நுங்கக் குத்தப் போயி நிறைய பேரு விரலை அறுத்துக்கிடுதாங்க. பூட்டு இல்லாத, வில்லுல மட்டும் நிக்கற பேனாக்கத்தி அப்படி நுனியில அழுத்தினா மடங்கி விரல் மேலயே வந்து விழும்.

பூட்டு உள்ளதா வாங்கினா, விரிச்சி வச்சி, மடங்குத பாதையில விரல் இல்லாம பிடிச்சிக்கிட்டு, முதுக மரத்துல மெதுவா அழுத்துங்க. அசையக் கூடாது. உள்தகடு சாஞ்சி வந்து பூட்டுத மாதிரின்னா, தகடு அலகோட அடியில கால்வாசியில இருந்து அரைவாசி வரைக்கும் ஏறியிருக்கணும். புதுசுலயே அந்தக் கரைக்குப் போய் முட்டினா அதைத் திருப்பிக் கொடுத்துருங்க, தேய்ஞ்ச பொறவு போறதுக்கு அதுக்கு இடம் கிடையாது. முதுகுல பூட்டுத மாதிரின்னா அந்தப் பள்ளத்துல பஞ்சு, மண்ணு அடைஞ்சிக்கிடும். அடைஞ்சா பூட்டு பாதிதான் விழும், பாக்க முழுசா விழுந்த மாதிரியே இருக்கும். ஈர்க்குச்சியால வாரம் ஒருக்க நோண்டி எடுத்துருங்க.

பொத்தான அமுக்கினா பாயுத கத்தி வேண்டவே வேண்டாம். ஆயுத விதிகள் கத்திய ஆயுதமா எடுக்கற அளவு அலகு 9 அங்குலத்துக்கு மேல, இல்ல அகலம் 2 அங்குலத்துக்கு மேல. வீட்டு வேலை, விவசாய வேலைக் கத்திக்கு விலக்கு இருக்கு. நம்ம கத்தி அதுல பாதி கூட வராது. ஆனாலும் கோர்ட்டுக்குப் போனா வண்டியிலயே வச்சிட்டுப் போங்க. தூத்துக்குடி வாகைக்குளத்துல விமானம் ஏறுதவங்க கைப்பையில வைக்காதீங்க, பெரிய பெட்டியில போட்டு அனுப்புங்க.

தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இதை எப்படித் தீட்டன்னுதான். ஆயிரம் நம்பர் கல்லு ஒண்ணு போதும், ரொம்ப மழுங்கினா மட்டும் நானூறு (நம்பர் குறைஞ்சா கல்லு சொரசொரப்பு கூட). கல்லைத் தண்ணியில நனைச்சிக்கிடுங்க. அலகு ரெண்டு சென்டிமீட்டர் அகலம்னா முதுகு கல்லுல இருந்து அஞ்சு ஆறு மில்லி தூக்கி இருக்கணும், அது பதினஞ்சுல இருந்து பதினேழு டிகிரி கிட்டக் கோணம். அந்த உயரம் கடைசி வரைக்கும் மாறக் கூடாது. ஒரு பக்கம் தேச்சிக்கிட்டே இருங்க, மறுபக்கம் பிசிறு எழும்புத வரைக்கும். முதுகுல இருந்து வாய்ப்பக்கமா பெருவிரலத் தள்ளிப் பாத்தா சொரசொரன்னு தட்டுப்படும். வாய் நெடுக விரல ஓட்டாதீங்க. அடிப்பிடியில இருந்து நுனி வரைக்கும் பிசிறு வந்த பொறவுதான் திருப்பணும். பாதியில திருப்புததுதான் எல்லாரும் செய்யுத தப்பு, அதனாலதான் "தீட்டுதேன் தீட்டுதேன், கூர் ஏற மாட்டேங்கு"ன்னு சொல்லுதாங்க. மறுபக்கமும் அதே மாதிரி. கடைசியா கை எடை கூட இல்லாம மாத்தி மாத்தி அஞ்சாறு இழுப்பு. பிசிறு போக தோல் பெல்ட்டோட உள்பக்கத்துல, முதுகு முன்னால போற மாதிரி இழுங்க.

தெருவுல சாணை பிடிக்கக் கொடுக்காதீங்க. தண்ணி இல்லாத சக்கரத்துல மெல்லிசு வாய் நொடியில சூடேறும். வாயில நீல நிறம் ஓடினா சூடு அளவு மீறிப் போயிருச்சின்னு அர்த்தம், அந்த இடம் பதம் இறங்கிரும். நீலத்த மட்டும் தேச்சி அழிச்சாப் போதாது, மெத்துன ஸ்டீல் உள்ள இருக்கும். அந்த வாயவே கல்லுல கொஞ்சம் கொஞ்சமா தேச்சித் தள்ளி, நல்ல ஸ்டீல் வருத வரைக்கும் போகணும்.

அலகு மடங்குத ஆணிக்கு எண்ணெய் என்ன போடன்னும் கேக்குதாங்க. சமையல் எண்ணெய் போடாதீங்க, நாளாக நாளாக பிசுபிசுன்னு மண்ணப் பிடிக்கும். தையல் மிசின் எண்ணெய் நல்லது. பழம் நறுக்குத கத்தின்னா மருந்துக் கடையில லிக்விட் பாரஃபின் கேளுங்க. ஒரு சொட்டு விட்டு, பத்து வாட்டி விரிச்சி மடக்கி, வழிஞ்சதத் துடைச்சிருங்க.